மெலிசுக் கலவை

அண்ணன் என்னிடம் கடைசியாகக் கேட்டது டீ. கிழக்குச் சுவரில் அப்போதுதான் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாகத் தலையை மட்டும் வெளியே நீட்டினார். முடியெல்லாம் செங்கல் தூள்.

"பாப்பா, உங்க அண்ணி போடுற டீயில சர்க்கரை, ஓட்டுக் கேக்க வர்றவன் மாதிரி. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கண்ணுல படுது. நீ ஒண்ணு போட்டுக் கொண்டா."

உள்ளே கலவைச் சட்டியோடு நின்ற அண்ணி, "ஏன், கிழக்குக்காரங்க சர்க்கரை சும்மா தர்றாங்களாமே. வாசல் வெச்சதும் போய் வாங்கி அள்ளிப் போட்டுக்குங்க" என்றார்.

நான் தெருவைத் தாண்டி என் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் பொங்குவதற்குள் அண்ணியின் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்தேனா இல்லையா என்பது இன்றுவரை நினைவில்லை.

எங்கள் வரிசையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே நீளமான வீட்டு வரிசை அது. ஒவ்வொரு வீட்டுக்கும் மேற்கே ஒரு தெரு, கிழக்கே ஒரு தெரு. மாநிலத்தை இரண்டாகப் பிரித்த காலத்தில், கோடு போட்டவர் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார். கோடு வீடுகளின் நடுவே போய்விட்டது. சமையல் ஒரு மாநிலம், படுக்கை இன்னொரு மாநிலம். இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒரு விதி செய்தன. மரச்சட்டத்தில் நிலை வைத்த வாசல் எந்தத் தெருவில் திறக்கிறதோ, வீடு அந்த மாநிலத்தைச் சேர்ந்தது. இரண்டு தெருவிலும் வாசல் இருந்தால், இரண்டு மாநிலத்திலும் இல்லை. தண்ணீர், மின்சாரம், ரேஷன், ஓட்டு எல்லாம் நின்றுபோகும்.

மேற்கில் மின்சாரம் ஒழுங்காக வரும், தண்ணீர் வராது. கிழக்கில் தண்ணீர் வரும், மின்சாரம் போகும். "குடிக்கணுமா, படிக்கணுமா?" என்று அண்ணன் கேட்பார். பிள்ளைகள் படிக்கிற காலத்தில் மேற்கே வாசல் வைப்பார்கள். பிள்ளைகள் வெளியூர் போனதும் கிழக்கே மாற்றுவார்கள். தேர்தல் வந்தால் இரண்டு பக்கமும் ஏதாவது தருவதாகச் சொல்வார்கள், அதற்கும் மாற்றுவார்கள். அத்தனை வாசலையும் மாற்றியது அண்ணன். அவர் கொத்தனார், அண்ணி அவருக்குச் சித்தாள். கல்யாணம் ஆன மறுமாதத்திலிருந்து அவர் கட்ட, இவர் சட்டி தூக்கினார்.

உலகத்தில் எந்தக் கொத்தனாரும் புது வாசலைத் திறந்துவிட்டுத்தான் பழையதை அடைப்பார். எங்கள் வரிசையில் தலைகீழ். முதலில் அடைக்க வேண்டும், பிறகுதான் திறக்க வேண்டும். ஒரு பொழுது இரண்டு வாசலோடு இருந்ததை யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால் குடும்பமே அந்தரத்தில் நின்றுவிடும். அதனால் நடுவில் ஒன்றிரண்டு நாள் வாசலே இல்லாத வீடாக இருக்கும். ஜன்னல் கம்பியைக் கழற்றி வந்துபோவார்கள். கேலியும் சிரிப்புமாகப் போகும் அந்த நாட்கள். அடைக்கிற சுவரை அண்ணன் மெலிசுக் கலவையில்தான் எழுப்புவார். மணல் அதிகம், சிமெண்டு பேருக்கு. "நாளைக்கு மறுபடி திறக்கச் சொல்லுவாங்க. அன்னிக்கு எவன் கஷ்டப்படுறது, நான்தானே?" என்பார். வாசலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற பழைய லிண்டல் கல் அப்படியே இருக்கும்.

அவருடைய சொந்த வீட்டை மேற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இனிப் படிக்க ஆளில்லை, அண்ணி குடம் தூக்கியது போதும் என்றார். மேற்கு வாசலை முந்தின நாள் அடைத்துப் பூசியாகிவிட்டது. நிலையைக் கழற்றி உள்ளே சாய்த்து வைத்திருந்தார். கிழக்கில் ஓட்டை மட்டும்தான்.

நான் ஓடிப்போய் ஓட்டை வழியாக ஏறி உள்ளே குதித்தபோது அண்ணன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சில். முகம் சிமெண்டு நிறத்தில். அண்ணி அவர் சட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தார். நான் கிழக்கு ஆம்புலன்சுக்கு போன் போட்டேன்.

"வாசல் எந்தப் பக்கம் மேடம்?" என்றது ஒரு பெண் குரல்.

"கிழக்குங்க. இடிச்சிட்டிருக்காங்க."

"நிலை வெச்சாச்சா?"

"இல்லைங்க, ஆளு உள்ளே..."

"நிலை வைக்காத வரைக்கும் அது மேற்கு வீடு மேடம். அங்க சொல்லுங்க, உடனே வருவாங்க."

மேற்குக்கு அடித்தேன். "அந்த வீட்டு வாசலை நேத்தே அடைச்சிட்டதா எங்க ஆளு எழுதிக் குடுத்திருக்காரேம்மா. கிழக்குக்குச் சொல்லுங்க" என்றார் அங்கிருந்தவர். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

அண்ணனோடு வேலை செய்கிற நெட்டை, சிமெண்டுக் கடை வண்டியைக் கொண்டுவந்து கிழக்குத் தெருவில் நிறுத்தினான். அண்ணனை ஓட்டை வழியாகத்தான் வெளியே எடுத்தோம். உள்ளிருந்து நாங்கள் கொடுத்தோம், வெளியிலிருந்து நெட்டையும் ஓட்டுநரும் வாங்கினார்கள். உடைந்த செங்கல் அவர் தோளைக் கீறியது. தலை இடித்துவிடக் கூடாதென்று அண்ணி தன் உள்ளங்கையைச் செங்கலுக்கும் தலைக்கும் நடுவே வைத்திருந்தார். கை கிழிந்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் வண்டி நுழைந்தபோது உயிர் இல்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர். அண்ணி, "எவ்வளவு முன்னாடி?" என்று கேட்டார். டாக்டர் சொன்னார். அண்ணி தலையாட்டினார். அந்த ஒரு பதிலை வாங்குவதற்குத்தான் வந்ததுபோல வெளியே நடந்தார்.

அடக்கம் முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் ஒரு முக்காலியில் ஏறி ஓட்டை வழியாக உள்ளே இறங்கினார்கள். மகள் தன்னோடு வந்துவிடும்படி அழைத்தாள்.

"அங்க வந்தா நான் விருந்தாளி" என்றார் அண்ணி. "இங்க எனக்கு ஓட்டு இருக்கு."

"அப்பாவே போயிட்டாரு, ஓட்டு ஒண்ணுதான் குறைச்சலா?"

"அப்பா போனதாலதான் சொல்றேன். நீ போயிட்டு வா, கண்ணு."

தேர்தல் நெருங்கியிருந்தது. அதற்கு முன் வீடு வீடாக வந்து எந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று இரண்டு மாநில அதிகாரிகளும் பார்த்துப் போவார்கள். அதனால் எங்கள் வரிசையில் துக்க வீட்டுக்கும் கட்சி ஆள் வந்தது. மேற்குக் கவுன்சிலர் மேற்கு ஜன்னலில் நின்றார். அதே நேரம் கிழக்கு வேட்பாளர் ஓட்டையில் நுழைந்தார். கொஞ்சம் பருத்த உடம்பு. பாதி உள்ளே, பாதி வெளியே நின்றுவிட்டார். நெட்டை பின்னாலிருந்து தள்ளினான்.

"அம்மா, பழைய வாசலையே திறந்துடுங்க" என்றார் ஜன்னலில் நின்றவர். "குடும்ப நிதி வாங்கித் தர்றது என் பொறுப்பு."

உள்ளே விழுந்து எழுந்த வேட்பாளர் தூசியைத் தட்டிக்கொண்டு, "அவரு எப்பவும் ஜன்னல் வழியாத்தான் பேசுவாரு. நாங்க உள்ளேயே வந்துட்டோம் பாருங்க. கதவு, பூட்டு எல்லாம் நம்ம செலவு" என்றார்.

கவிழ்த்த சட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார் அண்ணி. "எம் புருஷன் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்த அன்னிக்கு இந்த வீடு யாரோடது?"

ஜன்னல்காரர்தான் முதலில், "விதிப்படி பாத்தா..." என்று இழுத்தார்.

"விதி எனக்குத் தெரியும். உங்க ரெண்டு பேரையும் கேக்கறேன். அன்னிக்கு ரெண்டு பேருக்கும் வேண்டாத வீடு, இன்னிக்கு மட்டும் எப்படி வேணுங்கிற வீடாச்சு?"

"தேர்தல் நேரத்துல இப்படிப் பேசலாமாம்மா?" என்றார் வேட்பாளர்.

"வேற எப்பப் பேச? மத்த நாள்ல உங்க வாசல் எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியாதே."

நெட்டை சிரிப்பை அடக்க முடியாமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் ரெண்டு பக்கமும் திறக்கப் போறேன்" என்றார் அண்ணி.

"சட்டத்துல இடமில்லம்மா."

"சுவத்துல இருக்கு."

அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலை எனக்கு. அதனால் மனு எழுதுவது என் தலையில் விழுந்தது. அண்ணி சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு ஓட்டு கேட்கவில்லை. ஒரே ஓட்டுப் போதும். ஆனால் யார் விழுந்தாலும், எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதோ அது வர வேண்டும். ஒருவர் எந்த மாநிலம் என்று அவர் வாயைக் கேளுங்கள், அவர் வாசலைக் கேட்காதீர்கள். மேற்கு அரசுக்கு ஒன்று, கிழக்கு அரசுக்கு ஒன்று, இரண்டுக்கும் மேலே நாட்டுத் தலைநகருக்கு ஒன்று. தலைநகரிலிருந்துதான் பதில் வந்தது. தங்கள் மனு உரிய மாநில அரசுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது.

"அந்த உரிய அரசு எதுன்னுதானே நாம கேட்டோம்?" என்றார் அண்ணி. காகிதத்தை மடித்து, அண்ணன் பூச்சு தேய்க்கிற மட்டப்பலகைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். "பாப்பா, பழைய சேலை ஒண்ணு கட்டிக்கிட்டு வா. இன்னிக்கு நீதான் சித்தாள்."

வெயில் மண்டையைப் பிளந்த நாள் அது. அண்ணி முதலில் கிழக்கு ஓட்டையைச் சதுரமாக்கினார். நெட்டை, "நான் செஞ்சு தர்றேன்கா, நீங்க உட்காருங்க" என்று அண்ணன் சாந்து பூசுகிற கரணையை எடுக்கக் கை நீட்டினான். அண்ணி அதை முந்தி எடுத்துக்கொண்டார். மரப்பிடியில் அண்ணன் கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒரு குழி உண்டு. அண்ணியின் விரல் அதில் சரியாக உட்காரவில்லை. அவர் பிடியைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"நீ நிலையைத் தூக்கிப் பிடி. நான் தூக்குக்குண்டு பாக்கறேன்."

"உங்களுக்குப் பாக்கத் தெரியுமாக்கா?"

"இத்தனை வருஷமா உங்க மேஸ்திரி ஒவ்வொரு நிலை வெச்சதும் திரும்பி யாரைப் பாத்தாருன்னு நினைச்சே? நான் தலையாட்டினாத்தான் ஆப்பு அடிப்பாரு. இடது பக்கம் ஒரு நூல் வெளிய இருக்கு, உள்ள தள்ளு."

நெட்டை தள்ளினான். குண்டு அசைந்து அசைந்து நின்றது. அண்ணி யாரையும் திரும்பிப் பார்க்காமல் தனக்குத்தானே தலையாட்டிவிட்டு ஆப்பை அடித்தார்.

பிறகு மேற்குச் சுவர். அண்ணன் கடைசியாகக் கட்டி முடித்தது அதுதான். பூச்சின் மேல் அவர் மட்டப்பலகை போன தடம் வளைவு வளைவாகத் தெரிந்தது. அண்ணி உளியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் வேண்டுமானால் விட்டுவிடலாம் என்றேன். "மெலிசுக் கலவைதான் போட்டிருக்காரு. திறக்கறதுக்குன்னே கட்டினது" என்றார். மேல்வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார். ஒரு கல்கூட உடையவில்லை. ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி என் கையில் கொடுப்பார், நான் அடுக்குவேன். உப்பாக ஏதோ உதட்டில் பட்டது. வியர்வைதான் என்று இருவருமே வைத்துக்கொண்டோம். தரையோடு இருந்த அடிவரிசைக்கு வந்ததும் அண்ணி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது இருக்கட்டும். மழைத் தண்ணி உள்ள வராம நிக்கும்."

அந்தப் பக்கத்துக்கு நிலை இல்லை. அண்ணி கட்டிலைப் பிரித்தார். இனித் தனக்கொரு பாய் போதும் என்றார். கட்டில் சட்டங்கள் நான்கையும் சேர்த்து நெட்டை நிலை செய்தான்.

மறுநாளே இரண்டு பக்கமும் வந்துவிட்டார்கள். மேற்கு ஆள் மின்கம்பியைக் கழற்றினார். கிழக்கு ஆள், கொடுக்காத இணைப்பை எப்படித் துண்டிப்பது என்று தெரியாமல், கொடுக்க மாட்டோம் என்று ஓர் அறிவிப்பை ஒட்டினார். ஓட்டு இரண்டு பக்கமும் போய்விடும், வீடு பார்க்கும் நாளுக்குள் ஒரு வாசலை அடையுங்கள் என்று இருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணி மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றினார். தண்ணீர், எதிரே கிழக்கில் இருக்கிற என் வீட்டுக் குழாயிலிருந்து போனது.

வரிசைக்காரர்கள் அண்ணி வீட்டில் கூடினார்கள். இரக்கம் எல்லோருக்கும் இருந்தது, பயமும் இருந்தது. "பேசாம எல்லாருமா தேர்தலைப் புறக்கணிச்சிடலாம். அப்பத்தான் புத்தி வரும்" என்றார் ஒருவர். நிறையப் பேர் ஆமாம் என்றார்கள்.

"நாம ஓட்டுப் போடலன்னா அவங்களுக்கு என்ன குறை?" என்றார் அண்ணி. "பெட்டியில நம்ம சத்தம் இல்லன்னா, அமைதியா நடந்துச்சுன்னு எழுதிக்குவாங்க. நான் போட்டே ஆகணும். என் பேரை அவங்க கையாலேயே எழுத வைக்கணும்."

"எழுதலன்னா?"

"எழுதற வரைக்கும் ரெண்டு வாசலும் திறந்திருக்கும்."

அடுத்த வீட்டுத் தையல்கார அக்கா அன்று ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் நிறைமாதமாக வந்திருந்தாள். தன் வீட்டு இரண்டு பக்க ஜன்னலிலும் எட்டி, அவர் அண்ணி வீட்டுக் கிழக்கு வாசலையும் மேற்கு வாசலையும் மாறி மாறிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

வீடு பார்க்கும் நாள் வந்தது. மேற்கு அதிகாரி மேற்கு வாசலில் நுழைந்தார், அடிவரிசைக் கல்லில் கால் இடறி. கிழக்கு அதிகாரி கிழக்கு வாசலில் நுழைந்தார். நடுவில், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், இருவரும் முட்டிக்கொள்ளாத குறையாகச் சந்தித்தார்கள்.

"நீங்க எங்க இங்க?" என்றார் ஒருவர்.

"அதை நான் கேக்கணும் சார்."

"ரெண்டு பேரும் உட்காருங்க, டீ போடறேன்" என்றார் அண்ணி. "சர்க்கரை இருக்கு."

அவர்கள் உட்காரவில்லை. "கடைசியாச் சொல்றோம்மா. எதை அடைக்கப் போறீங்க?"

அண்ணி பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுச் சுவரில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இன்னொன்று. தையல்கார அக்கா. துணி வெட்டுகிற கைக்குச் சுத்தியல் பழக்கமில்லை. அவர் திட்டுவது இங்கே கேட்டது. "ஏ நெட்டை, எங்க செத்தே! எனக்கும் அந்தப் பக்கம் திறந்து விடுடா. எம் பொண்ணுக்கு வலி வந்தா நிலையைத் தேடிக்கிட்டு இருக்க என்னால ஆகாது!"

நெட்டை ஓடினான். அண்ணியும் கரணையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அந்தச் சுவரும் அண்ணன் கட்டியது, மெலிசுக் கலவை, நாலு தட்டில் கல் அசைந்தது. அதைப் பார்த்ததும் அதற்கடுத்த வீட்டுக்காரர் கடப்பாரையைத் தேடினார். பிறகு யார் யாருக்குச் சொன்னார்கள் என்று தெரியாது. வரிசை நெடுக டொக், டொக். எல்லா வீட்டிலும் அடைத்த வாசல் ஒன்று இருந்தது, எல்லாவற்றிலும் அண்ணன் மணலைக் கூட்டித்தான் போட்டிருந்தார். நிலைக்கு மேஜைக்கால், ஏணிச் சட்டம், பழைய பெஞ்சு என்று கிடைத்ததெல்லாம் வந்தது. நிலை வைக்கிற இடத்திலெல்லாம், "மேஸ்திரி, இங்க வந்து குண்டு பாருங்க" என்று கூப்பிட்டார்கள். அண்ணி போய்ப் பார்த்தார். அவரை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை.

சாயங்காலம் மேற்குத் தெருவில் நின்றால் ஒவ்வொரு வீட்டின் வழியாகவும் கிழக்குத் தெரு தெரிந்தது. வீடுகளுக்குள் முதல்முறையாகக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. அதிகாரிகள் தெருமுனையில் நின்று, ஆளுக்கொரு போனில், ஆளுக்கொரு மேலதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மொத்த வரிசையும் சார்... ஆமா சார், எல்லா வீடும்... எல்லாரையும் நீக்கினா, அந்தத் தொகுதில போன தடவை ஜெயிச்சதே இவங்க ஓட்டுலதானே சார்..."

ஒரு வீட்டை நீக்குவது அவர்களுக்கு எளிது. ஒரு வரிசையை நீக்க இரண்டு பக்கக் கட்சிக்கும் துணிவில்லை. தேர்தலுக்குச் சற்று முன்பு இரண்டு அரசுகளும் தலைநகரில் உட்கார்ந்து ஒரு கூட்டு உத்தரவு போட்டன. எங்கள் வரிசையில் மட்டும், குடியிருப்பவர் சொல்கிற பக்கம் அவர் பக்கம். ஓட்டு ஒன்று. ஆம்புலன்ஸ், பக்கத்தில் இருப்பது வரும். மின்சாரமும் தண்ணீரும் பற்றிப் பிறகு முடிவெடுக்கப்படும் என்று போட்டிருந்தார்கள். அதற்கு அண்ணி அடுத்த மனுவை அன்றைக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டார். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். வேறு இடங்களிலும் கோடு வீட்டுக்குள் போயிருக்கிறதாம், அவர்களும் எழுதுகிறார்கள்.

தையல்கார அக்காவின் மகளுக்கு வலி வந்தபோது மேற்கு வண்டி கிழக்குத் தெருவில் வந்து நின்றது. பிறந்தது பெண்.

தேர்தலன்று அண்ணி எல்லோருக்கும் முன்னால் போய் வரிசையில் நின்றார். திரும்பி வந்தவரிடம், "எந்தப் பக்கம் சொன்னீங்க, யாருக்குப் போட்டீங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"பக்கம் ஊருக்கே தெரியும், போய்க் கேளு. போட்டது ரகசியம்" என்றார். சேலையைச் செருகிக்கொண்டு கலவை குழைக்கப் போனவர் திரும்பி, "உங்க அண்ணன் இருந்தா அவர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். கெஞ்சியிருப்பாரு" என்றார்.

ஆம்புலன்சுக்கு போன் செய்தால் இப்போதும் முதலில், "வாசல் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு வருகிறார்கள்.

அண்ணி அதன் பிறகு கிழக்கு வாசலுக்கு நல்ல கதவு போட்டார், தரையைப் பூசினார், கூரையை மாற்றினார். மேற்கு வாசலில் அந்த அடிவரிசைச் செங்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. மெலிசுக் கலவைதான். ஒரு கல்கூட அசையவில்லை. காலைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும்.